இடப்பக்கம் இழுக்கும் சைக்கிள்

தை 8, திங்கள்

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் மனைவி புவனம் எழுதுகிறாள். எழுதச் சொல்லிக் கேட்டவன் எங்கள் மகன் நிமலன். ஒஸ்லோவில் ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்கிறான். அவன் வாங்கி அனுப்பிய சைக்கிள், ஊருக்கு வந்த அவனுடைய கூட்டாளியின் பெட்டிகளோடு நேற்று வந்து சேர்ந்தது. கல்லும் மண்ணும் கலந்த கிரவல் றோட்டுக்கென்றே செய்ததாம். ஒரு மாதம் ஓடிப் பார்த்து, நல்லதையும் கூடாததையும் அன்றன்றைக்கே அம்மாவைக் கொண்டு எழுதுவித்து வையுங்கள் என்று போனில் சொன்னான். கடைக்கு வருகிற வெள்ளைகளுக்கு மொழிபெயர்த்துக் காட்டுவானாம். வன்னிக் கிரவலில் ஓடிய சைக்கிள் என்றால் அவர்களுக்கு நம்பிக்கை வருமாம்.

சைக்கிள் பார்க்க வடிவுதான். கறுப்பு. ஒரு கையால் தூக்கலாம். ஹாண்டில் கிடாயின் கொம்பு மாதிரி வளைந்து கீழே போகிறது. ரயர் தடிப்பு. மணி இல்லை, மட்கார்ட் இல்லை, ஸ்ராண்ட் இல்லை, கரியரும் இல்லை. கரியர் இல்லாத சைக்கிள் எங்களுக்கு என்னத்துக்கு என்று புவனம் கேட்டாள். அவள் கேட்டது நியாயம். அவள் இருக்கிற இடம் அது.

வெள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். புவனத்துக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் மெசினில் போட்டு இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். எங்கள் வீடு வாய்க்காலின் கடைசி வீடு. வாய்க்கால் கட்டு வழியே போய்த்தான் தார் றோட்டில் பஸ் எடுக்கலாம். அந்தக் கட்டுப் பாதையில் பாதி கிரவல், பாதி களி, நடுவில் கொஞ்சம் மணல். மாரி வெள்ளம் அரித்துப் போட்டதால் ஓட்டோக்காரர் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். என் பழைய சைக்கிள் மார்கழியில் செசி, அதுதான் நடுச்சட்டம், முறிந்து போனது. அதற்குப் பிறகு ஒரு தவணை தவறி, புவனம் மூச்சு எடுக்க முடியாமல் கிடந்தாள். அடுத்தடுத்துத் தவறினால் உயிருக்கே பொறுப்பில்லை என்று டொக்டர் சொன்னார். ஆகவே இந்தச் சைக்கிள் ஓட வேண்டும்.

பின்னேரம் கேற்றடியில் ஓடிப் பார்த்தேன். விழுந்தேன். எங்கள் ஊரில் வலது கைப் பிறேக் முன்சில்லுக்கு. இதில் இடது கைப் பிறேக் முன்சில்லுக்கு. பின்சில்லு என்று நினைத்துப் பிடித்தேன், ஹாண்டிலுக்கு மேலால் போனேன். பெரிய காயம் இல்லை. நோர்வேக்காரன் ஏன் இப்படி மாற்றி வைத்தான் என்று நிமலன் கேட்டுச் சொல்ல வேண்டும்.

தை 9, செவ்வாய்

சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஜெயசீலன் நேற்று இருளுவதற்கிடையில் கரியர் பூட்டித் தந்தான். வெல்டிங் வைத்து ஒட்டச் சொன்னேன். இது இரும்பில்லை, ஒட்டினால் உருகிவிடும் என்று இரும்புப் பட்டத்தை வளைத்து நட்டுப் போட்டு இறுக்கினான். மேலே மெத்தை வைத்துக் கட்டினோம்.

இன்று முதல் பயணம். உள்ளதைச் சொல்கிறேன். கிரவலில் இந்தச் சைக்கிளுக்கு நிகரில்லை. பழைய சைக்கிள் என்றால் பல்லுக் கிடுகிடுக்கும், பின்னாலிருக்கிறவளுக்கு இடுப்பு முறியும். இதில் கல்லை ரயர் விழுங்கிவிடுகிறது. களியில் கியரை இறக்கினால் முழங்காலுக்கு நோவில்லை. மணலில்தான் கொஞ்சம் தடுமாற்றம். தார் றோட்டில் ஏறினதும் சத்தமே இல்லை, நான்தான் ஓடுகிறேனா என்று கீழே பார்த்தேன்.

குறை ஒன்று. இடப்பக்கம் இழுக்கிறது. புவனம் பின்னாலிருந்து இரண்டு தரம் "வலப்பக்கம், வலப்பக்கம்" என்றாள்.

தை 10, புதன்

இடது கையில் முள்ளுக்கீறல். சட்டையில் இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. வேலிப்பக்கம் போன ஞாபகம் இல்லை.

தை 12, வெள்ளி

ஜெயசீலன் இரண்டு பிறேக்கையும் இடம் மாற்றித் தந்தான். இப்போது எங்கள் முறைப்படி வலது கை முன்சில்லு. அந்தக் குறை தீர்ந்தது.

இழுப்புத் தீரவில்லை. ஆனால் ஒரு புதினம். போகும்போதுதான் புவனம் பயப்படுகிறாள். போகும்போது வாய்க்கால் எங்களுக்கு இடப்பக்கம், தண்ணீர் கட்டுமட்டம் ஓடுகிறது. வரும்போது வாய்க்கால் வலப்பக்கம். வரும்போது ஒரு பிழையும் இல்லை. காலையில் வாடைக்காற்று அடிக்கிறது, அதுதான் தள்ளுகிறது என்று நினைக்கிறேன். லேசான சைக்கிளுக்குக் காற்றுப் பிடிக்கும். இதை நிமலன் கவனிக்க வேண்டும்.

புவனத்தின் இடது கையில், மெசின் ஊசி ஏற்றுவதற்காக ஒப்பரேசன் செய்து நரம்பைச் சேர்த்திருக்கிறார்கள். தொட்டால் பூனை உறுமுகிற மாதிரி உள்ளே நடுங்கும். அது நடுங்குமட்டும் கை வேலை செய்கிறது என்று அர்த்தம். படுக்க முன்னம் நான் விரலை வைத்துப் பார்ப்பேன். இன்றைக்கும் உறுமுகிறது.

நிமலன் போன் எடுத்தான். உங்களுக்குச் சுகமோ என்று கேட்டான். சுகம் என்றேன். கார்த்திகையில் கிணற்றடியில் தலை சுற்றி விழுந்து, கொஞ்ச நேரம் நாக்குப் புரளாமல் கிடந்ததை அவனுக்குச் சொல்லவில்லை. அது பித்தம். அன்று பின்னேரமே எழும்பி வேலை பார்த்தேன். இதை எழுதாதே என்று புவனத்துக்குச் சொன்னேன். எழுதிவிட்டேன் என்றாள். வெட்டு என்றேன். வெட்டிவிட்டாளாம்.

தை 14, ஞாயிறு

ஜெயசீலனோடு சண்டை. முன்சில்லு கோணல், அதுதான் இழுக்கிறது என்றேன். சில்லைக் கழற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு சைக்கிளில் ஏறிச் சந்தியிலிருந்து கோயிலடிமட்டும் இரண்டு கையையும் விட்டு ஓடினான். திரும்பியும் கையை விட்டே வந்தான்.

"அண்ணை, நூல் பிடிச்ச மாதிரிப் போகுது. சைக்கிளிலை ஒரு பிழையுமில்லை."

பாரம் இல்லாமல் ஓடினால் அப்படித்தான் போகும், ஆளை வைத்து ஓடினால் தெரியும் என்றேன். ஏறுங்கோ, நான் ஓடிக் காட்டுறன் என்றான். எனக்கு வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டில் மீன் இல்லை என்று புவனத்தோடும் சத்தம் போட்டேன். அவள் என் சோற்றுக் கோப்பையைப் பிடித்து அரைவட்டம் திருப்பினாள். மீன் இருந்தது. பாதிச் சோறும் இருந்தது. அவள் எப்போது போட்டாள் என்று நான் காணவில்லை.

தை 15, திங்கள்

பொங்கல். புவனம் போடுகிற திகதி இங்கிலீஷ் கணக்கு, ஜனவரியைத்தான் தை என்று எழுதுகிறாள். புவனத்துக்குத் தண்ணீரும் உப்பும் அளவு, சர்க்கரைப் பொங்கலில் ஒரு வாய் வைத்தாள். சவரம் செய்துகொண்டு வந்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிறகு தானே கத்தியை வாங்கி இடது கன்னத்தை வழித்து விட்டாள். வழிக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

தை 16, செவ்வாய்

இந்தக் கட்டு எனக்குப் பாடம். என் பதினாறு வயதில் காடு வெட்டிக் குடியேறின நாள் முதல் இதில் போய் வருகிறேன். எந்த மதகில் சிமெந்து வெடித்தது, எந்த இடத்தில் மாடு இறங்கி மடை கலைந்தது, எல்லாம் தலைக்குள் இருக்கிறது. இடப்பக்கம் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. இரண்டாம் மதகு, அதற்குப் பிறகு மருதமரம், பிறகு சின்னராசாவின் தேத்தண்ணிக் கடை. இன்று போகும்போது சின்னராசாவின் கடை பூட்டிக் கிடக்கிறது என்று சொன்னேன்.

 புவனம், கடை இப்போது இல்லை, தகரம் கழற்றிப் போய் மூன்று வருசம் என்றாள்.

நான் கண்டேன் என்றேன். ஓம் என்றாள்.

இன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. சத்தம் போட்டுச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறதாம். ஆகவே கட்டு ஓரத்துக்குச் சைக்கிள் போனால் என் இடது தோளில் தட்டுவாள். ஒரு தட்டென்றால் கொஞ்சம் வலப்பக்கம், இரண்டென்றால் நிற்பாட்டு. சைக்கிள் எங்களுக்குப் புதிது, பழகுமட்டும் இப்படி ஓடுவோம் என்றாள். சரி என்றேன். நன்றாகத்தான் இருந்தது. பெடியன் வயதில் உழவு மாட்டைத் தட்டித் தட்டித் திருப்பியது ஞாபகம் வந்தது. இப்போது மாடு நான்.

தை 19, வெள்ளி

போகும்போது தட்டுகள் கூடிவிட்டன.

கூட்டுறவுச் சங்கக் கடை மனேச்சராக இருந்த அம்பலவாணர் பஸ்தரிப்பில் பிடித்துக்கொண்டார். கோயிலடியில் கை காட்டிக் கூப்பிட்டாராம், நான் திரும்பியும் பாராமல் போனேனாம். வெளிநாட்டுச் சைக்கிள் வந்ததும் ஆக்களைத் தெரியவில்லைப் போல என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். கோயில் எந்தப் பக்கம் என்று யோசித்தேன். இடப்பக்கம். புவனம் குறுக்கே விழுந்து, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று சொன்னாள். என் காதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவள் அப்படிச் சொன்னது உதவியாக இருந்தது.

சைக்கிளைப் பற்றி: செயின் எண்ணெய் கேட்கிறது. கிரவல் தூசி ஒட்டுகிறது.

தை 22, திங்கள்

நாளைக்கு மெசினுக்குப் போகவில்லை என்கிறாள்.

உடம்பு நல்லாயிருக்கிறதாம். இரவு நித்திரை வந்ததாம். நான் அவளுடைய காலைப் பிடித்துப் பெருவிரலால் அமத்தினேன். எடுத்த பிறகும் குழி அப்படியே கிடந்தது. இதுதான் நல்லாயிருக்கிற காலோ என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை போவம். ஒருக்காத் தவறினா ஒண்டும் செய்யாது."

"மார்கழியிலை தவறினாப்போலை என்ன செய்ததெண்டு நான் பாத்தனான்."

அதற்குப் பிறகு அவள் சொன்னதை எழுத மாட்டேன் என்றாள். எழுது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

"எனக்கு மெசினுக்குப் பயமில்லையப்பா. அந்தக் கட்டாலை உங்களோடை போறதுக்குத்தான் பயமாக் கிடக்கு."

இத்தனை வருசமாக என் பின்னால் இருந்தவள். பிள்ளைத்தாச்சியாக இருந்து வந்தவள், நிமலனை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள். ஒரு நாளும் அவள் வாயில் வராத பேச்சு. காற்று, புதுச் சைக்கிள், பாரம் என்று நான் மூன்று காரணமும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், உனக்கு ஒன்று நடந்தால் நான் ஆருக்கு இதைச் சொல்லி எழுதுவிக்கிறது என்று கேட்டேன். சரி, போவம் என்றாள்.

தை 23, செவ்வாய்

விழுந்தோம்.

தை 24, புதன்

ஆஸ்பத்திரி. புவனத்தை வாட்டில் மறித்து வைத்திருக்கிறார்கள். வலது கை நல்லாயிருப்பதால் கட்டிலில் சாய்ந்திருந்து எழுதுகிறாள். வேண்டாம் என்றேன். மாசம் முடியவில்லையே என்கிறாள்.

நடந்தது இது. இரண்டாம் மதகு தாண்டினோம். அடுத்தது மருதமரம். மரத்தடியில் கட்டு அகலம், அங்கே இடப்பக்கம் ஒதுங்கிப் போனால் வலப்பக்கத்துக் குழியைத் தவிர்க்கலாம். அந்த மரத்தின் வேர் எங்கே தொடங்குகிறது என்றுகூட எனக்குத் தெரியும். ஒதுக்கினேன். தோளில் இரண்டு தட்டு விழுந்தது, பிறகு முதுகில் குத்தே விழுந்தது. அங்கே மரம் இல்லை. வெள்ளிக்கிழமை நாங்கள் வந்து போன பிறகு தறித்து, வேரோடு கிளறி, வாய்க்கால் கட்டைப் பாதி வெட்டி, றோட்டு வேலைக்கென்று கிரவலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். முன்சில்லு கிரவல் குவியலில் ஏறியது. இந்தச் சைக்கிள் கல்லை விழுங்கும் என்று சொன்னேன், குவியலை விழுங்காது. நான் குவியலில் விழுந்தேன். அவள் வாய்க்காலுக்குள் போனாள்.

தண்ணீர் நெஞ்சுமட்டம். மேலே வாய்க்கால் கட்டின்மேல் நின்ற வேலைக்காரப் பெடியள் குதித்துத் தூக்கினார்கள். அவளுடைய இடது கை மதகுக் கல்லில் அடிபட்டது. தூக்கி வைத்ததும் நான் முதல் பார்த்தது அந்தக் கையைத்தான். விரலை வைத்தேன். மாற்றி மாற்றி வைத்தேன். ஒரு நடுக்கமும் இல்லை.

ஒரு பெடியன் கேட்டான், இவ்வளவு பெரிய குவியல், ஐயாவுக்குத் தெரியேல்லையோ என்று. நான் குவியலைப் பார்த்தேன். அவன் சொன்ன பிறகு தெரிந்தது.

தை 26, வெள்ளி

கையில் நரம்பைச் சேர்த்த இடம் அடைத்துவிட்டது. இனி அந்தக் கை உதவாது. கழுத்தில் குழாய் வைத்து மெசின் போடுகிறார்கள். அது கிருமி பிடிக்கிற இடம், நனையக் கூடாது, தூசி படக் கூடாது. மற்றக் கையில் ஒப்பரேசன் செய்வதற்கு உடம்பு தாங்குமோ என்று பிறகுதான் சொல்வார்களாம்.

எங்களைப் பார்க்க வந்த டொக்டர் பிள்ளை கெட்டிக்காரி. புவனத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தவள், நடுவில் கேள்வியை நிற்பாட்டி என்னைப் பார்த்தாள். அப்பாவுக்கு எப்ப வாதம் வந்தது என்று கேட்டாள். வாதம் ஒன்றும் வரவில்லை என்றேன். புவனம் கார்த்திகைக் கதையைச் சொன்னாள். கிணற்றடி, நாக்குப் புரளாதது, எல்லாம்.

டொக்டர் ஒரு கடதாசியில் நீட்டுக்கு ஒரு கோடு கீறித் தந்தாள்.

"அப்பா, இந்தக் கோட்டுக்குச் சரி நடுவிலை ஒரு புள்ளி வையுங்கோ."

எனக்கு எழுத்துத்தான் வராது. நடு சொல்ல வரும். ஊரில் அண்ணன் தம்பி காணி பிரிக்கும்போது நூல் பிடிக்க முன்னம் என்னைத்தான் கூப்பிடுவார்கள், நான் நின்று காட்டின இடத்தில் நூலும் விழும். பேனாவை வாங்கிப் புள்ளி வைத்தேன். சரியோ என்று புவனத்தைப் பார்த்தேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாள்.

டொக்டர் கடதாசியை எடுத்து, மெல்ல என் வலப்பக்கமாக நகர்த்திப் பிடித்தாள். புள்ளிக்கு இடப்பக்கம் இன்னும் நீளத்துக்குக் கோடு கிடந்தது. நான் வைத்த புள்ளி கிட்டத்தட்ட வலது முனையில்.

கண்ணில் பிழையில்லையாம். மூளையில் ஒரு துண்டுக்கு இரத்தம் போகாமல், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அது மறந்துவிட்டதாம். எனக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியாதாம். நான் அந்த இடத்தை ஞாபகத்தால் நிரப்பி ஓடியிருக்கிறேன் என்றாள். என் ஞாபகத்தை ஊரே புகழும். அது இப்படி ஒரு வேலை பார்க்கும் என்று ஆருக்குத் தெரியும்.

சைக்கிள் இனி ஓடக் கூடாது என்றாள். வெறும் ஆளாகக்கூட.

தை 28, ஞாயிறு

வீடு. சைக்கிளைப் பெடியள் கொண்டுவந்து வேலியில் சாத்தியிருந்தார்கள். ஹாண்டில் கொஞ்சம் திரும்பினது தவிர ஒன்றும் ஆகவில்லை.

நிமலன் போன் எடுத்தான். அம்மா விழுந்தது அவனுக்குத் தெரிந்துவிட்டது. சைக்கிளில் என்ன பிழை, தான் கம்பனிக்கு எழுதப்போவதாகச் சொன்னான். எழுதாதே, சைக்கிள் நேராகத்தான் போகிறது என்றேன்.

"அப்ப ஏனப்பா விழுந்தனீங்கள்?"

போனைப் புவனத்திடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். உள்ளே அவள் கனநேரம் கதைத்தாள். அழுகிற சத்தமும் கேட்டது. அது அங்கேயிருந்து வந்ததோ இங்கேயோ தெரியவில்லை.

காசு எவ்வளவென்றாலும் அனுப்புகிறான், ஒரு ஓட்டோவைப் பிடியுங்கள் என்றானாம். ஓட்டோக்காரர் மூன்று பேரிடமும் ஜெயசீலன் கேட்டுப் பார்த்தான். காசு பிரச்சினையில்லை, கட்டு வெட்டிக் கிடக்கிறது, சித்திரைக்குப் பிறகு பார்ப்போம் என்றார்களாம். சித்திரை வருமட்டும் புவனம் எதில் போவது?

தை 30, செவ்வாய்

றோட்டு வேலைக்கு வந்த உழவு மெசின் டிராக்டர் ஒன்றின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். தூசி. கழுத்துக் குழாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்தாள். அதை ஓட்டுகிற பெடியன் வெள்ளிக்கிழமை வேறு பக்கம் போகிறானாம்.

மாசி 2, வெள்ளி

கிழக்கு வெளுக்க முன்னம் வெளிக்கிட்டோம். புவனம் கரியரில். நான் ஏறவில்லை. ஹாண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

எந்தப் பக்கம் நிற்பது என்று கேற்றடியில் ஒரு வாக்குவாதம். வாய்க்கால் பக்கம் நான் நிற்பேன் என்றேன். அந்தப் பக்கம்தானே உங்களுக்கு இல்லை என்றாள். இல்லாத பக்கத்தில் நான் நின்றால் விழுகிறது நான் மட்டும்தான், உன்னைக் கொண்டு போகமாட்டேன் என்றேன்.  அவள் அடிபட்ட கையை நீட்டி என் சட்டைத் தோளைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். பஸ்தரிப்பு வருமட்டும் விடவில்லை. ஓரத்துக்குப் போனால் இழுத்தாள். அந்தக் கையில் இவ்வளவு பெலன் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை.

வெட்டின இடத்தில் மண் இறுகிவிட்டது. மருதமரம் நின்ற இடத்தில் மரம் நிற்பதாகத்தான் எனக்கு இப்போதும் படுகிறது. சொல்லவில்லை.

சண்டையில் ஊரே எழும்பி ஓடின அந்த வருசத்தில், இதே கட்டால் இப்படித்தான் சைக்கிள் தள்ளிக்கொண்டு போனோம். அரிசி மூட்டை, சட்டி பானை, மேலே நடக்கமுடியாத என் தாய். புவனம் பின்னாலிருந்து தள்ளினாள். அன்றைக்குத் தார் றோட்டு வருமட்டும் கை மரத்துப்போய், சைக்கிளைப் பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்று தெரியாமல் நடந்தேன். இன்றைக்குக் கை நோகவில்லை. பஸ்ஸுக்கும் நேரம் இருந்தது.

திரும்பி வரும்போது அவள் கழுத்தைச் சரித்து என் முதுகில் தலையை வைத்துக்கொண்டாள். மெசினில் போட்ட நாள் அவளுக்கு அப்படித்தான், உடம்பில் ஒன்றும் மிஞ்சாது. மூச்சு முந்தினதைவிடக் கட்டை.  நிறுத்தி நிறுத்தி வந்தோம்.

இப்போது பாயில் சாய்ந்தபடி, நிமலனுக்குச் சைக்கிளைப் பற்றி இன்றைக்கு என்ன எழுதுவது என்று கேட்கிறாள். தள்ளுவதற்கு லேசான சைக்கிள் என்று எழுது.